குவிப்பது பேணுவதாகாது



தீ என்ன செய்யும் என்பதைச் சிவகாசி வட்டாரத்தில் வாழும் நமக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. வேறெங்கும் படியில்லாத சுவடிகளும் அவற்றுள் இருந்தன.

இன்று நம் இல்லங்களில் தஃப்ஸீரும் ஹதீஸ் மொழிபெயர்ப்புகளும் மின்னூல்களாக ஒரே கைப்பேசியில் குவிந்து கிடக்கின்றன. ஒரே நூல் நான்கு முறை இருக்கிறது. திறந்தே பாராதவை பல. மார்க்க நூலை நீக்குவது அவமதிப்பாகுமோ என்று சிலர் தயங்குகின்றனர். உஸ்மான் (ரலி) அவர்கள் குர்ஆன் படிகளைப் பல நகரங்களுக்கு அனுப்பியபோது, ஏனைய ஏடுகளை எரிக்கவும் பணித்தார்கள். பேணுவதற்காகக் களைவது அவமதிப்பன்று.

சீறாப்புராணத்தை நீக்கினாலும், 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் இணையதளத்தில் மீண்டும் பெறலாம். பாட்டனாரின் அரபுத்தமிழ் ஏட்டை நாமே படமெடுத்து வைத்த கோப்போ வேறெங்கும் கிடைக்காது. அதனை வன்தட்டில் ஒன்று, கூகுள் டிரைவில் ஒன்று, வெளியூர் உறவினர் இல்லத்தில் ஒன்று என மூன்று படிகளாக வைப்போம். ஆண்டுக்கொரு முறை அவை திறக்கின்றனவா என்றும் பார்ப்போம்.

கல்வி நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். வரும் ஜும்ஆவுக்குள் இப்பணியைத் தொடங்குவோம், இன்ஷா அல்லாஹ்.