தறிக்கு மேல ஒரு லைட்

நம்ம காலேஜ் கண்காட்சிகள்ல வர்ற பில்டிங் மாடல்களைக் கவனிச்சிருக்கீங்களா? ஸ்மார்ட் சிட்டியோ மாதிரி கிராமமோ, ஸ்விட்சைப் போட்டதும் எல்லா ஜன்னலும் ஒரே நீல வெள்ளையில் பளீர்னு எரியும். ஊரே கல்யாண மண்டபம் ஆகிவிடும். மார்க்கும் அதுக்குத்தான் விழுகிறது. எனக்கு இதில் உடன்பாடு இல்லை.

சேவூரை எடுத்துக்குங்க. ஆரணிக்குப் பக்கத்தில், பட்டு நெசவை நம்பியிருக்கிற ஊர். அங்கே ஒரு நெசவாளர் வீட்டை 1:50 அளவில் செய்யப்போறீங்கன்னு வைப்போம். கடையில் கிடைக்கிற 5 மி.மீ. எல்.இ.டி.யை உள்ளே வைத்தால், நிஜ அளவில் அது 25 செ.மீ. தலைக்கு மேல குடம் தொங்குற மாதிரி! 0603 எஸ்.எம்.டி. வாங்குங்க, நீளம் 1.6 மி.மீ., அதாவது 8 செ.மீ. பல்பு. நாலு அடி டியூப்லைட் வேணும்னா 24 மி.மீ. பட்டர் பேப்பர் துண்டுக்குப் பின்னால் இரண்டு மூன்றை வரிசையாக ஒட்டினால் போதும்.

அடுத்து ரெசிஸ்டர். 12 வோல்ட் சப்ளையில் எல்.இ.டி. 3 வோல்ட் எடுத்தால் மீதி 9. நாம வழக்கமா போடுற 470 ஓமில் 19 மில்லிஆம்பியர் பாயும், கண் கூசும். 10 கிலோ ஓம் போட்டுப் பாருங்க. ஒரு மில்லிஆம்பியர்கூட வராது, ஆனால் வீடு வீடாகத் தெரியும். சன்போர்டு சுவர் வழியா வெளிச்சம் கசியும் என்பதால் உட்புறம் முதலில் கறுப்பு, அதன் மேல் வெள்ளை அடிக்கணும்.

இதெல்லாம் யூடியூபில் கிடைக்கும். லைட்டை எங்கே வைப்பது என்பதுதான் கேள்வி. குழித்தறியில் உட்கார்ந்தவர் குனிந்து பார்ப்பது பாவையும் ஊடையையும். நடுக்கூரையில் லைட் வைத்தால், தறிக்கு மேலே நிற்கிற ஜக்கார்டு பெட்டியின் நிழல் நேரா துணி மேல விழும். நிறமும் முக்கியம். நிறத்தைச் சரியா காட்டாத மலிவு எல்.இ.டி.யில் அரக்கு நூலும் காபிக்கொட்டை நூலும் பிரித்தறிய முடியாம போகலாம். இழை மாறினால் நஷ்டம் நெய்தவருக்கு. மாடலில் லைட்டைக் கொஞ்சம் நகர்த்தினாலே நிழல் எங்கே போகுதுன்னு பார்த்துவிடலாம். அந்த வேலைக்குத்தானே மாடல்?

"தூரத்திலிருந்து பார்க்கிறவங்களுக்குத் தெரியணுமே" என்பீர்கள். நியாயம்தான். ஹாம்பர்க்கில் மினியேச்சர் வுண்டர்லாண்ட் என்று 1:87 அளவில் ஒரு குட்டி உலகமே இருக்கிறது. அங்கே கால் மணிக்கு ஒரு பகல், ஒரு இரவு வந்து போகும்படி அரங்க விளக்கையே மங்கவைக்கிறார்கள். நாம ஒரு கறுப்புத் துணி மூடாக்கு போட்டாலே பாதி வேலை முடிந்தது.

அடுத்த கண்காட்சிக்கு நெசவாளர் வீடு செய்யப்போகிற டீம் யாராவது இருந்தால், முதலில் சாயங்காலம் ஆறு மணிக்கு சேவூர் போங்க. வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு, ஒரு லக்ஸ் மீட்டரைத் தறி மேலே, துணி நெய்யப்படுகிற இடத்தில் வைத்து அளங்க. ஜன்னல் எந்தப் பக்கம், பல்பு எவ்வளவு உயரம் என்று குறிச்சுக்குங்க. திண்ணை இருட்டா இருந்தால் மாடலிலும் இருட்டாவே விடுங்க.