வெங்காயமும் கண்ணீரும்

அண்மையில் ஒரு கவிதை நூல் வெளியீட்டுக்குப் போயிருந்தேன். விமர்சன உரை நிகழ்த்திய நண்பர் நன்றாகப் படித்தவர். அவரது கட்டுரைகளைத் தேடி வாசிப்பவர்களுள் நானும் ஒருவன். நூலை விட்டு எங்கெங்கோ சுற்றிய அவரது பேச்சு கடைசியில் ஆங்கிலப் பொப் பாடல்களில் வந்து நின்றது. நமது இளைஞர்கள் காதில் வயரைச் செருகிக்கொண்டு ஆங்கிலப் பாட்டுக் கேட்டு அழுகிறார்களாம். "வெங்காயம் உரித்தாலும்தான் கண்ணீர் வருகிறது. அதற்காக வெங்காயத்தை இலக்கியம் என்பீர்களா?" என்றார். மண்டபம் கைதட்டியது. நான் தட்டவில்லை. ஏன் தட்டவில்லை என்று அன்று சொல்ல நேரம் தரப்படவில்லை. இப்போது சொல்கிறேன்.

முதலில் ஓர் ஒப்புதல் வாக்குமூலம். நானும் அப்படி அழுதவன்தான். 1996இல் என் ராத்தாவின் மகன் காய்ச்சலில் மௌத்தானான். ஆறு வயது. ஜனாஸா வீட்டில் எனக்குத் தலைக்கு மேல் வேலை. கபுறு வெட்ட ஆள் பார்க்க வேண்டும், வெளியூரில் இருப்பவர்களுக்குச் செய்தி சொல்ல வேண்டும், மச்சானைப் பிடித்துக்கொள்ள வேண்டும். நான் அழவில்லை. பொறுமைசாலி என்று பெரியவர்கள் மெச்சினார்கள். இரண்டு மாதம் கழித்து வெள்ளவத்தையில் ஒரு போட்டோ கொப்பிக் கடையில் பரீட்சை வினாத்தாளை நீட்டிக்கொண்டு நின்றேன். கடை ரேடியோவில் எரிக் கிளப்டனின் 'டியர்ஸ் இன் ஹெவன்' போய்க்கொண்டிருந்தது. "எத்தனை கொப்பி சேர்?" என்று பையன் இரண்டாம் தடவையும் கேட்டான். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்தப் பாட்டின் பின்னணி அப்போது எனக்குத் தெரியாது. 1991 மார்ச் 20ஆம் திகதி, நியூயோர்க்கில் ஒரு தொடர்மாடியின் 53ஆம் மாடி யன்னலால் விழுந்து கிளப்டனின் நான்கு வயது மகன் இறந்துபோனான் என்பதைப் பின்னர்தான் வாசித்தேன். வாசித்த பிறகு பாட்டைத் திரும்பவும் கேட்டேன். அதில் யன்னல் இல்லை. விழுந்த செய்தி இல்லை. பிள்ளையின் பெயரும் இல்லை. மறு உலகில் மகனைக் காண நேர்ந்தால் எப்படியிருக்கும் என்று ஒரு தகப்பன் தயங்கித் தயங்கிக் கேட்கும் சில கேள்விகள்தான் இருக்கின்றன. குரல் எங்கும் உயரவில்லை. கிளப்டன் தன் பிள்ளையின் பெயரைச் சொல்லாமல் விட்டதனால்தான் என் மருமகனின் பெயருக்கு அங்கே இடமிருந்தது. வெங்காயத்துக்கு இது தெரியாது. அது எல்லார் கண்ணையும் ஒரே மாதிரித்தான் எரிக்கும்.

இதெல்லாம் சந்தைச் சரக்கு, கூலிக்கு எழுதப்பட்டது என்பார்கள். உண்மைதான். அந்தப் பாட்டு 'ரஷ்' என்ற திரைப்படத்துக்காக எழுதப்பட்டது. முதற் பகுதி கிளப்டனுடையது. மீதியில் வில் ஜெனிங்ஸ் என்ற தொழில்முறைப் பாடலாசிரியரின் கை இருக்கிறது. இது உங்கள் சொந்தத் துக்கம், முழுவதையும் நீங்களே எழுதுங்கள் என்று ஜெனிங்ஸ் முதலில் சொல்லியும் பார்த்தார். கிளப்டன் விடவில்லை. 'டைட்டானிக்' படத்தின் 'மை ஹார்ட் வில் கோ ஒன்' பாடலை எழுதியதும் இதே ஜெனிங்ஸ்தான். தொழில் தெரிந்தவன் கை பட்டால் துக்கம் பொய்யாகிவிடுமா? அப்படியானால் ஆசிரியரிடம் யாப்புப் படித்து எழுதிய நம் புலவர்கள் அனைவரும் பொய்யர்கள்தாம்.

இன்னொரு சாரார் விஞ்ஞானத்தைத் துணைக்கு அழைக்கிறார்கள். ஜோன் ஸ்லொபோடா என்ற ஆங்கிலேய உளவியலாளர், இசையில் எந்த இடத்தில் கண்ணீர் வருகிறது என்று கேட்போரிடமே விசாரித்து 1991இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். சுருதியோடு சற்று உரசி நின்று பிறகு இணங்கிப் போகும் 'அப்பொஜியாதுரா' என்ற அணிச்சுரம் வரும் இடங்களில்தான் பலருக்கும் கண் கலங்குகிறது என்பது அவர் கண்டது. 2011இல் அடேலின் 'சம்வன் லைக் யூ' உலகையே அழ வைத்த பிறகு இந்த ஆய்வைப் பத்திரிகைகள் மீண்டும் எடுத்துப் பேசின. உடனே நம்மவர்கள், பார்த்தீர்களா, எல்லாம் சூத்திரம் என்கிறார்கள். சூத்திரம்தான். எதுகையும் மோனையும் சூத்திரமில்லையா? அதே சுரத்தை வைத்துப் பாடப்பட்டு யாரையும் அசைக்காமல் மறைந்துபோன பாடல்களை இவர்கள் எண்ணிப் பார்த்ததுண்டா?

போலிகளே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. மரிலின் மன்றோவை நினைத்து 1973இல் எல்டன் ஜோனும் பேர்னி டோபினும் உருவாக்கிய 'கேண்டில் இன் த விண்ட்' பாடலுக்கு, 1997இல் டயானா இறந்தபோது வேறு வரிகள் எழுதப்பட்டன. ஒருத்திக்குத் தைத்த சட்டையை மற்றவளுக்கு அளவு திருத்திப் போட்டது போல. அது 3 கோடிக்கு மேல் விற்றது. வருமானம் டயானாவின் பெயரிலான நிதியத்துக்குப் போனது என்பதையும் சொல்லியாக வேண்டும். எனக்கு அந்தப் பாட்டு இன்றுவரை ஒட்டவில்லை. ஆனால் அது ஏன் ஒட்டவில்லை என்று பாட்டைப் பிரித்துப் பார்த்துச் சொல்வதுதான் விமர்சனம். எல்லாக் கண்ணீரையும் ஒரே கூடையில் போட்டு வெங்காயம் என்பது சோம்பல்.

அழ வைப்பது மலிவான வேலை என்பவர்களுக்கு இன்னொரு பாட்டு. ஆர்.ஈ.எம். குழுவின் 'எவ்ரிபடி ஹேர்ட்ஸ்', 1992இல் வெளிவந்த இசைத்தட்டில் உள்ளது. அதன் பெரும்பகுதியை உருவாக்கியவர் அக்குழுவின் மேளக்காரர் பில் பெரி. வாழ்வை வெறுத்து நிற்கும் பதின்ம வயதினருக்கு விளங்க வேண்டும் என்பதற்காகவே சொற்கள் அத்தனை எளிமையாக வைக்கப்பட்டன. 1995இல் பிரித்தானியாவில், தற்கொலை எண்ணத்தோடிருப்பவர்களுக்கு உதவும் சமாரிட்டன்ஸ் அமைப்பு, இளம் ஆண்களை எட்டுவதற்காக அந்தப் பாடல் வரிகளையும் தனது தொலைபேசி இலக்கத்தையும் மட்டும் பத்திரிகை விளம்பரமாக வெளியிட்டது. வேறு எந்தப் புத்திமதியும் இல்லை. நமது கவிதைகளில் எதையாவது இப்படி ஒரு தொலைபேசி இலக்கத்தோடு சேர்த்து அச்சிட முடியுமா? நெஞ்சைத் தொட்டுச் சொல்வோம்.

நமது இரங்கற்பாக்களை எடுத்துப் பாருங்கள். முதல் வரியிலேயே கண்ணீர்க் கடல் பொங்குகிறது, இரண்டாம் வரியில் இதயம் வெடிக்கிறது, மூன்றாம் வரியில் வானம் இருள்கிறது. வாசகனுக்குச் செய்ய ஒன்றும் மிச்சமில்லை. அவன் அழ வேண்டியதையும் கவிஞரே அழுது முடித்துவிடுகிறார். என் மருமகனுக்கு நான் எழுதிய பாவும் அப்படித்தான் இருந்தது. அதில் பூ உதிர்ந்தது, நிலா மறைந்தது. அவன் பள்ளிக்கூடப் பை கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது மட்டும் அதில் இல்லை. அதை ராத்தாவிடம் காட்ட எனக்குத் துணிவு வரவில்லை. இன்றும் அது என் கோவைக்குள்தான் கிடக்கிறது.

2004இல் கிளப்டன் அந்தப் பாட்டை மேடையில் பாடுவதை நிறுத்தினார். அந்த இழப்பின் உணர்வு தனக்குள் இப்போது இல்லை, அது இல்லாமல் பாட முடியாது என்றார். பல வருடங்கள் கழித்தே மறுபடி பாடத் தொடங்கினார். இடையில் அவர் பாடாதிருந்த அத்தனை வருடமும் பாட்டு என்னிடம் இருந்தது. சொந்தக்காரன் கைவிட்ட பிறகும் இன்னொருவனுக்குப் பயன்படுகிற ஒன்றை இலக்கியம் என்று சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

நண்பரோடு எனக்குப் பகையில்லை. அவருக்கு மறுப்பிருந்தால் இதே பக்கங்களில் எழுதட்டும், நான் வாசிக்கக் காத்திருக்கிறேன். அதற்கு முன் அவர் ஒரேயொரு தடவை அந்த வயரைத் தன் காதில் செருகிக்கொண்டு முழுப் பாட்டையும் கேட்க வேண்டும். பக்கத்தில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துக் கேட்டால் நல்லது.