விழிப்பின் விலை

2006 பிப்ரவரியில், நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனி நகருக்கு அருகே ஹோவ்ஸ் குகையில் எடுத்த ஒரு புகைப்படத்தில் மூக்கில் வெண்படலம் படிந்த வௌவால்கள் பதிவாகின. அடுத்த குளிர்காலத்தில் அதே வட்டாரக் குகைகளில் வௌவால்கள் கும்பல் கும்பலாகச் செத்துக் கிடந்தன. வெள்ளை மூக்கு நோய் என்று பெயரிடப்பட்ட அந்தக் கொள்ளைநோயின் கணக்கை 2021-இல் வெளியான விரிவான ஆய்வொன்று தொகுத்தது. சிறு பழுப்பு வௌவால், வடக்கு நீள்காது வௌவால், முந்நிற வௌவால் ஆகிய மூன்று இனங்களும் பத்தே ஆண்டுகளுக்குள் தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் குறைந்துவிட்டன.

நோய்க்காரணி யாரென்பதில் இன்று ஐயமில்லை. ஸூடோஜிம்னோஅஸ்கஸ் டெஸ்ட்ரக்டன்ஸ் என்னும் பூஞ்சைதான் காரணம் என்பது 2011-இல் சோதனை வழியே உறுதியாயிற்று. 12 முதல் 16 டிகிரி வரையிலான குளிரில் அது செழிக்கும். 20 டிகிரியைத் தாண்டினால் வளராது. நம் சமவெளிக் குகைகளின் வெப்பம் அதற்கு ஒத்துவராது. ஆனாலும் இந்த நோய் கற்றுத்தந்த பாடம் வனவிலங்கு நோய்களில் வேலை செய்யும் எல்லோருக்கும் உரியது. பூஞ்சையைக் கொல்வது எப்படி என்ற கேள்விக்கு நாம் அளவுக்கு மீறி இடம் கொடுத்துவிட்டோம்; வௌவால் ஏன் சாகிறது என்ற கேள்விக்கு இன்னும் கூடுதல் இடம் வேண்டும் என்பதே இந்த உரையின் கருத்து.

ஐரோப்பாவிலும் சீனாவிலும் இதே பூஞ்சை வௌவால்களின் உடலில் இருக்கிறது; அங்கே கூட்டச்சாவு இல்லை. ஐரோப்பியப் பூஞ்சையை எடுத்து அமெரிக்கச் சிறு பழுப்பு வௌவால்களுக்குச் செலுத்திய 2012-ஆம் ஆண்டுச் சோதனையில் அவை அமெரிக்கப் பூஞ்சையால் செத்ததைப் போலவே செத்தன. ஆகவே வேறுபாட்டைப் பூஞ்சையின் வீரியத்தில் தேடிப் பயனில்லை. அதை ஏற்கும் உடலிலும் அந்த உடல் குளிர்காலத்தைக் கழிக்கும் விதத்திலும்தான் தேட வேண்டும்.

சிறு பழுப்பு வௌவால் பத்து கிராம்கூடத் தேறாத உயிர். பூச்சியே கிடைக்காத ஆறு மாதத்தை இலையுதிர்காலத்தில் சேர்த்த இரண்டு மூன்று கிராம் கொழுப்பை வைத்தே தள்ள வேண்டும். குளிர் உறக்கத்தில் அதன் உடல்வெப்பம் குகையின் வெப்பத்தை ஒட்டி இறங்கிவிடும். செலவு அநேகமாக நின்றுபோகும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போல விழித்து, உடலைச் சூடேற்றி, மறுபடி உறங்கும். மொத்தக் குளிர்காலத்தில் இந்த விழிப்புகளின் நேரம் மிகச் சிறிது. ஆனால் கொழுப்பில் முக்கால் பங்குக்கு மேல் அவற்றுக்கே போகிறது.

பூஞ்சை கை வைப்பது இந்தச் செலவில்தான். உறக்கத்தில் நோய் எதிர்ப்பு அடங்கியிருப்பதால் அது சிறகுத் தோலுக்குள் தடையின்றி ஊடுருவுகிறது. சிறகு என்பது பறக்கும் உறுப்பு மட்டுமன்று. உடலின் நீரையும் வாயுப் பரிமாற்றத்தையும் சீராக வைத்திருக்கும் பரப்பும் அதுவே. அது சிதையும்போது உடலில் நீர் வற்றுகிறது, இரத்தத்தில் கரியமில வாயுவும் பொட்டாசியமும் ஏறுகின்றன. விழிப்புகள் நெருங்கி வருகின்றன. மார்ச் வருமுன் கொழுப்பு தீர்ந்துவிடுகிறது. பனி பொழியும் பகலில் வெளியே பறந்து விழும் வௌவால்கள் அந்தக் கணக்கு தீர்ந்தவை.

நோய்க்குப் பிறகு எஞ்சிய கூட்டங்களில் நடத்தை மாறியிருப்பதையும் காண்கிறோம். முன்பு நெருக்கமாகத் தொங்கிய சிறு பழுப்பு வௌவால்களில் பல, இப்போது தனித்துத் தொங்குகின்றன. தப்பிப் பிழைத்த சில கூட்டங்களில் குளிர்காலத் தொடக்கத்தில் உடற்கொழுப்பு முன்னைவிட மிகுந்திருக்கிறது. நோய் பரவும் முன்பே எடைக் கணக்கை யாரோ எடுத்து வைத்திருந்ததால்தான் இந்த ஒப்பீடே வாய்த்தது.

எல்லா நடத்தையும் உதவும் திசையில் மாறிவிடவில்லை. மிச்சிகன், விஸ்கான்சின் மாநிலங்களில் வளையமிட்டுக் கண்காணித்ததில், பிழைப்பு மேலான குளிர்ந்த இடங்கள் கிடைத்தும், பாதிக்கு மேற்பட்ட வௌவால்கள் பூஞ்சை கொழிக்கும் வெதுவெதுப்பான இடங்களையே ஆண்டுதோறும் நாடின. பழைய உலகில் பலன் தந்த விருப்பம் இன்று சாவுக்கு இழுக்கிறது. ஆண்டுக்கு ஒரே குட்டி ஈனும் விலங்கில் இயற்கைத் தேர்வு இதைத் திருத்தும் வரை காத்திருக்க முடியாது.

அப்படியானால் காசையும் ஆளையும் எங்கே செலவிடுவது? பூஞ்சைக்கொல்லிக்கும் தடுப்பூசிக்கும் நடக்கும் ஆய்வுகள் தொடரட்டும். ஆனால் ஒவ்வொரு வௌவாலாகப் பிடித்து மருந்து போட இயலாது. குகைச் சுவரில் மருந்து தெளித்தால் அங்கு மட்டுமே வாழும் பிற நுண்ணுயிர்களும் அழியும். கைவிடப்பட்ட சுரங்கங்களின் வாயிலைத் திருத்தி உள்ளே குளிர்காற்று புகவிடுவது, குளிர்காலக் குகைகளைச் சுற்றியுள்ள காட்டையும் நீர்நிலைகளையும் பூச்சி மலிந்த மேய்ச்சலிடங்களாகக் காப்பது, உறங்கும் மாதங்களில் ஆள் நடமாட்டத்தை நிறுத்துவது ஆகிய மூன்றும் வௌவாலின் வரவைக் கூட்டிச் செலவைக் குறைப்பவை. பூஞ்சை குகையில் இருந்தாலும் இவை பயன் தரும்.

ஆள் நடமாட்டம் என்பதில் ஆய்வாளர்களாகிய நாமும் அடக்கம். நம் விளக்கொளியும் பேச்சும் கைபடுதலும் ஒரு விழிப்புக்கு வழிவகுக்கலாம். நோயுற்ற வௌவாலுக்கு அந்த ஒரு விழிப்பே மிகையாகலாம். நம் காலணியும் கயிறும் பூஞ்சை வித்தைச் சுமக்கும். 2016 மார்ச்சில் வாஷிங்டன் மாநிலத்தில் நோய் தென்பட்டபோது, அதுவரை அறியப்பட்ட எல்லை அங்கிருந்து ஆயிரம் மைலுக்கும் அப்பால் இருந்தது. கருவிகளை 55 டிகிரிக்குக் குறையாத வெந்நீரில் 20 நிமிடம் அமிழ்த்தி வைக்கும் முறை எளியது, தவிர்க்கச் சாக்கில்லை.

ஆகவே இவ்விதழுக்கு வௌவால் ஆய்வு அனுப்புவோரிடம் இனி நான்கு விவரங்கள் கேட்போம்: தங்குமிடத்தின் வெப்பமும் ஈரப்பதமும், பிடித்த ஒவ்வொரு வௌவாலின் எடையும் முன்கை நீளமும், குகைக்குள் எத்தனை முறை, எவ்வளவு நேரம் இருந்தீர்கள் என்ற கணக்கு, கருவிகளைத் தூய்மை செய்த முறை. நோயில்லாத இடங்களிலிருந்து வரும் ஆய்வுகளுக்கும் இது பொருந்தும். நோய் வந்த பிறகு திரும்பிப் போய் எடுக்க முடியாத அளவுகள் இவை.