பம்பு போகலைங்க, எண்ணெய்தான் உறைஞ்சு கிடக்கு

போன வருஷம் தை மாசம் எங்கள் பக்கத்துத் தோட்டத்துத் தம்பி, மனைவியின் சங்கிலியை அடகு வைத்து டிராக்டர் லோடருக்குப் புது பம்பு போட்டார். போடலாமா என்று என்னிடம் கேட்டுவிட்டுத்தான் போட்டார். "மெக்கானிக் சொல்றாருன்னா போட்டுரு தம்பி" என்று சொன்னவன் நான். வங்கியில் நகைக்கடன் மேசையில் பல வருஷம் உட்கார்ந்து எழுந்தவன், எதற்கு அடகு வைக்கிறார்கள் என்று நூறு பேரிடம் கேட்டவன், இந்த ஒரு தடவை எதுவும் கேட்கவில்லை. அந்த உறுத்தலில்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் தளிக்குப் பக்கம். மார்கழி, தை விடியலில் வராந்தாவில் தொங்கும் தெர்மாமீட்டர் 10, 11 என்று காட்டும். அந்த நேரத்தில்தான் நமக்கு எரு அள்ளும் வேலை. ஆள் வைத்துக் கூடையில் அள்ளிய காலத்தில் இந்தத் தொல்லை இல்லை என்பீர்கள். உண்மைதான். ஆனால் 40 டன் மட்கு உரத்தைப் புரட்டிப் போட இன்று ஆள் எங்கே இருக்கிறது? இயற்கை விவசாயிக்கு லோடர் எதற்கு என்று கேட்கும் நண்பர்கள் ஒருநாள் வந்து ஒரு குவியலை மண்வெட்டியால் புரட்டிவிட்டுப் பேசட்டும்.

தம்பியின் லோடர் காலையில் பக்கெட்டைத் தூக்கவே அழுதது. லீவரை இழுத்தால் யோசித்து யோசித்து மேலே போகும். பம்பு "கீய்ய்ங்" என்று கத்தும். மெக்கானிக் வந்து காதை வைத்துக் கேட்டார், "பம்பு போச்சு சார்" என்றார். புது பம்பு வந்தது. பழைய எண்ணெயையே துணியில் வடிகட்டி ஊற்றினார்கள். அதற்குள் மாசி பிறந்து வெயில் ஏறிவிட்டது. லோடர் பறந்தது. எல்லோரும் பம்புக்குப் பேர் வாங்கிக் கொடுத்தோம். உண்மையில் வேலை செய்தது வெயில். இந்த மார்கழி பிறந்ததும் அதே லோடர், புது பம்போடு, அதே மாதிரி அழுதது.

இரண்டு நாள் கழித்து என்னுடையதும் மக்கர் பண்ண ஆரம்பித்தது. அதே மெக்கானிக், அதே தீர்ப்பு. இந்தத் தடவை நான் நோட்டும் கைக்கடிகாரமுமாக உட்கார்ந்தேன். காலை 7 மணிக்குக் காலி பக்கெட் தரையிலிருந்து உச்சிக்குப் போக 19 விநாடி. இரண்டு மணி நேரம் வேலை செய்த பிறகு, அதே எஞ்சின் வேகத்தில், 7 விநாடி. இந்த இரண்டு எண்ணும் எனக்குப் பாதி விடையைச் சொல்லிவிட்டன.

தேய்ந்த பம்பு என்றால் நடப்பது இதற்கு நேர் எதிர். தேய்ந்த பம்புக்குள் இடைவெளி கூடிப்போயிருக்கும். எண்ணெய் சூடாகி இளகினால் அந்த இடைவெளி வழியே பின்னால் ஒழுகும். ஆகவே காலையில் ஓரளவு தூக்கும், மதியம் சோம்பும். காலையில் சோம்பி மதியம் சுறுசுறுப்பானால் முதலில் சந்தேகப்பட வேண்டியது எண்ணெயையும், அது பம்புக்கு வந்து சேரும் வழியையும்தான். இந்த ஒரு விஷயம் தெரிந்திருந்தால் சங்கிலி கழுத்தில் இருந்திருக்கும்.

இன்னொரு குழப்பமும் உண்டு. மெதுவாகத் தூக்குவது வேறு, தூக்கவே முடியாமல் திணறுவது வேறு. வேகம் என்பது எண்ணெயின் அளவு. பலம் என்பது அழுத்தம். கடையில் சரக்கு நிறைய இருந்தும் கல்லாவில் பணம் புழங்கவில்லை என்போமே, அதுபோல. இது புரியாமல் சிலர் ரிலீஃப் வால்வை முறுக்கி இறுக்கிவிடுகிறார்கள். அழுத்தத்தின் உச்சவரம்பு கூடும், வேகம் கூடாது. ஹோஸ் வெடித்தால் பக்கத்தில் நிற்பவர் கதி அவ்வளவுதான். என் லோடரிலும் அதைச் செய்யத்தான் ஸ்பேனரை எடுத்தார் அவர். கையைப் பிடித்து நிறுத்தினேன்.

பிறகு ஒவ்வொன்றாகப் பார்த்தோம். டேங்க் மூடியைத் திறந்தபோது "உஸ்ஸ்" என்று காற்றை உள்ளே இழுத்தது. மூடியில் காற்று போகும் சின்னத் துளையை உரத்தூள் அடைத்திருந்தது. பக்கெட் மேலே போகும்போது டேங்கிலிருந்து எண்ணெய் சிலிண்டருக்குப் போகிறது. அந்த இடத்துக்குக் காற்று வராவிட்டால் பம்பு எதை உறிஞ்சும்? அதுதான் அந்தக் கீச்சு சத்தம். உலர்ந்த உரம் அள்ளும் நம் போன்றவர்களின் லோடரில் இந்தத் துளை அடைபடாமல் இருந்தால்தான் அதிசயம். மாதம் ஒருமுறை கழற்றி ஊதினால் போதும், காசு செலவில்லை.

அடுத்து டேங்குக்குள் இருக்கும் சல்லடை. நான்கு வருஷமாக அதை யாரும் பார்க்கவில்லை, நானும்தான். கறுப்பு வண்டல் கஞ்சி ஆடைபோலப் படிந்திருந்தது. சூடான எண்ணெய் அதன் வழியே எப்படியோ போய்விடும். குளிர்ந்த கெட்டி எண்ணெய் போகாது.

மூன்றாவது எண்ணெய். கடையில் எல்லோருக்கும் கொடுப்பது 68 நம்பர். அந்த 68 என்பது 40 டிகிரி சூட்டில் அதன் கெட்டித்தன்மை. 10 டிகிரிக்கு இறங்கினால் அதே எண்ணெய் ஆறு மடங்குக்கும் மேல் கெட்டியாகும். சமவெளிக்கு அது சரி. தளி, மன்னவனூர், உதகை மாதிரி இடங்களுக்கு, கையேடு அனுமதித்தால், 46 நம்பர் பொருத்தம். ஆனால் ஒன்று: இது லோடருக்கென்று தனி டேங்க், தனி பம்பு உள்ளவர்களுக்கு மட்டும். டிராக்டரின் கியர், பிரேக், லிஃப்ட் எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணெய் ஓடும் அமைப்பில் லோடரும் சேர்ந்திருந்தால், கையேட்டில் போட்டிருக்கும் டிராக்டர் எண்ணெயைத் தவிர வேறெதையும் ஊற்றாதீர்கள். இளக்குவதற்கு மண்ணெண்ணெயோ டீசலோ கலக்கும் கைவைத்தியம் வேண்டவே வேண்டாம். பம்புக்கு வழவழப்பே அந்த எண்ணெய்தான். அப்புறம் நிஜமாகவே பம்பு போகும்.

வடித்த எண்ணெய் மோர் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. நுரைத்திருந்தால் உறிஞ்சும் ஹோஸில் எங்கோ காற்று நுழைகிறது. கசிவைத் தேடும்போது ஹோஸைக் கையால் தடவிப் பார்க்காதீர்கள். ஊசிமுனைத் துளையிலிருந்து பீய்ச்சும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், விரலையே இழக்க நேரிடும். ஒரு அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள். பக்கெட்டைத் தரையில் இறக்கி, எஞ்சினை அணைத்து, லீவரை ஆட்டி அழுத்தத்தை விட்ட பிறகே எதையும் கழற்றுங்கள். தூக்கி நிற்கும் பக்கெட்டுக்கு அடியில் யாரும் நிற்கக் கூடாது, ஒரு நிமிஷம்கூட.

எண்ணெய், சல்லடை எல்லாம் சேர்த்து எனக்கு ஆனது 8,000 ரூபாய்க்குள். பம்புக்குச் சொன்னது 22,000. இப்போது காலை 7 மணிக்கு 9 விநாடி. அதுவும் எடுத்த எடுப்பில் இல்லை. ஸ்டார்ட் பண்ணி, முறுக்காமல் பத்து நிமிஷம் மெதுவாக ஓடவிட்டு, காலி பக்கெட்டை நாலைந்து தடவை நிதானமாக ஏற்றி இறக்கிவிட்டுத்தான் உரக்குவியலுக்குப் போகிறேன். அந்தப் பத்து நிமிஷத்தில் ஒரு காபி ஆகிவிடுகிறது.

மெக்கானிக்கை நான் குறை சொல்லவில்லை. ஒரு நாளில் ஆறு ஊர் போகிறவர், கழற்றி மாட்டினால்தான் அவருக்குக் காசு. உட்கார்ந்து யோசித்ததற்கு நாம் யாராவது கூலி கொடுத்திருக்கிறோமா? என் குறை நம் இயக்கத்தின் மேல். மண்புழுவைப் பற்றி மூன்று நாள் பயிற்சி கொடுக்கிறோம், பஞ்சகவ்யத்துக்கு ஒரு நாள். நம் காசை அதிகம் தின்னும் இயந்திரத்துக்கு அரை நாள்கூட இல்லை. இயற்கை விவசாயத்தில் இடுபொருள் செலவைக் குறைத்து மிச்சம் பிடித்ததை ஒர்க்‌ஷாப்பில் கொட்டுகிறோம். அடுத்த ஆண்டுப் பயிற்சித் திட்டத்தில் ஒரு நாளை இதற்கு ஒதுக்க வேண்டும். கூட்டத்தில் வைத்துப் பேசத் தயாராக இருக்கிறேன். வகுப்புக்கு என் லோடரையே கொண்டுவருகிறேன்.

வடித்த 30 லிட்டர் பழைய எண்ணெயைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கரையானுக்கு வேலிக்கம்பில் பூசுவதும், வரப்போரம் ஊற்றிவிடுவதும் நம்மவர்களிடமே இருக்கிறது. பூச்சிமருந்து ஒரு சொட்டு கூடாது என்று சான்றிதழ் வாங்கிவிட்டு இதைச் செய்வது என்ன நியாயம்? கேனில் அடைத்து ஓசூரில் பழைய எண்ணெய் எடுக்க அனுமதி பெற்றவரிடம் கொடுத்தேன். அலைச்சல்தான்.

தம்பியின் லோடருக்கும் அதே வைத்தியம் பார்த்தோம், அவருடைய மூடித்துளையும் அடைத்துத்தான் இருந்தது. கழற்றிப் போட்ட பழைய பம்பை ஓசூரில் ஒரு ஹைட்ராலிக் கடையில் சோதிக்கக் கொடுத்தோம். ஒரு குறையும் இல்லை என்று திருப்பித் தந்துவிட்டார்கள். அதை எண்ணெய் தடவி, சாக்கில் சுற்றி, மாட்டுக்கொட்டகைப் பரணில் வைத்திருக்கிறார். சங்கிலி இன்னும் வங்கியில் இருக்கிறது. வட்டியில் பாதியை நான் கட்டுகிறேன் என்றேன். "வேண்டாங்க சார், வகுப்பு வைங்க, அது போதும்" என்கிறார்.