வேன்ல மெத்தை போடுறதுக்கு முன்னாடி: கட்டு, காத்து, கதவு

1/ யூடியூபைத் திறந்தா வேன் வீடியோவா வருது. பின் சீட்டைக் கழட்டி, கட்டில் அடிச்சு, குடும்பத்தோட ஊர் சுத்துறாங்க. நல்ல விஷயம்தான். ஆனா காசெல்லாம் சீரியல் லைட்டுக்கும் ஃப்ரிட்ஜுக்கும் போயிடுது. என் கருத்து, முதல் காசு மூணு விஷயத்துக்குப் போகணும்: கட்டு, காத்து, கதவு.

2/ கட்டு. 50 கி.மீ. வேகத்துல போற வண்டி மோதி நின்னா, உள்ள கட்டாம கிடக்கிற சாமான் அதே 50-ல முன்னாடி பாயும். 3 மாடி உயரத்துல இருந்து விழுற பொருளோட வேகம் அது. 20 லிட்டர் தண்ணி கேன் அந்த வேகத்துல பின்மண்டையில இடிச்சா என்ன ஆகும்னு நான் சொல்லத் தேவையில்லை.

3/ அதனால கனமான சாமான் கட்டிலுக்கு அடியில, தரையோட தரையா, முன் சீட்டை ஒட்டி இருக்கட்டும். தரையில போல்ட் போட்டு வளையம் வைங்க. லாரிக்காரங்க பயன்படுத்துற ராட்செட் பெல்ட்டால இறுக்குங்க. டிராயருக்குத் தாழ்ப்பாள் வேணும். சாமானுக்கும் சீட்டுக்கும் நடுவுல கம்பித் தடுப்பு வேணும். கட்டிலையும் வண்டியோட சேர்த்து போல்ட் பண்ணுங்க.

4/ இப்போ முக்கியமான விஷயம். கட்டாத கேனுக்கு நடக்கிறதுதான் மெத்தையில படுத்திருக்கிற குழந்தைக்கும் நடக்கும். "புள்ள தூங்கணுமே டாக்டர்?" தூங்கட்டும், சீட்ல பெல்ட் போட்டு. வண்டி ஓடுற வரைக்கும் பின்பக்கம் சாமான் ரூம். நின்னாதான் பெட்ரூம்.

5/ காத்து. 2024 டிசம்பர்ல கேரளாவுல வடகரைப் பக்கம் ரோட்டோரம் நிறுத்தியிருந்த கேரவன்ல ரெண்டு பேர் இறந்து கிடந்தாங்க. காரணம், ஜெனரேட்டர்ல இருந்து உள்ள வந்த கார்பன் மோனாக்சைடு.

6/ இதுக்கு நிறமில்லை, வாசனையில்லை. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல இறுக்கமா ஹீமோகுளோபினைப் பிடிச்சுக்கும். முதல்ல தலைவலி, குமட்டல், தலைசுத்தல். "பயணக் களைப்பு, சாப்பாடு ஒத்துக்கல"ன்னு நினைச்சுப் படுத்துடுவாங்க. விரல்ல மாட்டுற ஆக்சிமீட்டர் நார்மலா காட்டும். அதை நம்பாதீங்க.

7/ செய்ய வேண்டியது:
• தூங்கும்போது இன்ஜின், ஜெனரேட்டர் ரெண்டும் ஆஃப். ஏசி இல்லாம தூக்கம் வராதுன்னா ரூம் எடுங்க.
• ஊட்டிக் குளிருக்குக் கரி அடுப்பை உள்ள வைக்காதீங்க. கம்பளி எடுத்துட்டுப் போங்க.
• எதிரெதிரா ரெண்டு ஜன்னல், கொசுவலையோட. ஆனா ஜன்னல் திறந்திருக்குன்னு ஜெனரேட்டர் போடக் கூடாது.
• பேட்டரியில ஓடுற கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒண்ணு, படுக்கைக்குப் பக்கத்துல. புகை அலாரம் வேற, இது வேற.
• சமையல் வெளியில. கேஸ் காத்தைவிடக் கனம். லீக் ஆனா கீழதான் தேங்கும், அதாவது உங்க கட்டிலுக்கு அடியில.

8/ ஒரே வண்டியில ரெண்டு பேருக்கு ஒரே நேரத்துல தலைவலி வந்தா சந்தேகப்படுங்க. உடனே எல்லாரும் வெளிய வாங்க, 108-க்கு போன் பண்ணுங்க. சிகிச்சை ஆக்சிஜன்தான். எவ்வளவு சீக்கிரம் கிடைக்குதோ அவ்வளவு நல்லது.

9/ கதவு. உள்ள இருந்து, இருட்டுல, ஒரு கையால திறக்க வரணும். சைல்டு லாக்கைப் பாத்துட்டுப் படுங்க. ரெண்டாவது கதவை சாமான் அடைச்சிருக்கக் கூடாது. தீயணைப்பான் கை எட்டுற இடத்துல இருக்கட்டும். ஹைவே ஓரத்துல நிறுத்திட்டுத் தூங்காதீங்க, வெளிச்சம் இருக்கிற பங்க் உள்ள அனுமதி கேட்டு நிறுத்துங்க.

10/ சீட்டைக் கழட்டுறதுக்கு முன்னாடி ஆர்டிஓ அனுமதி வாங்கணும். அதை வெறும் தலைவலின்னு நினைக்காதீங்க. விபத்து நடந்தா இன்சூரன்ஸ்காரங்க முதல்ல கேக்குறது அதைத்தான்.

11/ வளையம், பெல்ட், அலாரம், கொசுவலை எல்லாம் சேர்த்தாலும் ஒரு நல்ல ஃப்ரிட்ஜ் விலை வராது. லைட்டை அடுத்த டிரிப்புக்குப் போட்டுக்கலாம். வேன் வச்சிருக்கிற நண்பருக்கு இதை அனுப்பி வைங்க.