பெருங்குளத்து வக்கீல்

மாணவ நண்பர்களே, பத்தாம் வகுப்புக்கு வந்ததும் "கதைப்புத்தகத்தைக் கட்டி வை, பந்தைப் பரணில் போடு" என்கிறார்களா? பெ. நா. அப்புஸ்வாமியைப் பற்றிச் சொல்கிறேன். பழைய திருநெல்வேலி மாவட்டத்தில், தாமிரபரணிப் பாசனத்து ஊரான பெருங்குளத்தில் 1891-இல் பிறந்தவர், 1986-இல் மறைந்தார். பிழைப்புக்கு வக்கீல் தொழில். எழுதியதோ அறிவியல், அதுவும் தமிழில், அரை நூற்றாண்டுக்கும் மேலாக. சங்கப் பாடல்களை ஆங்கிலத்தில் பெயர்த்தவரும் அவரே.

பொழுது போகாமல் செய்தார் என்று எண்ணிவிடாதீர்கள். கலைச்சொற்கள் அரிதாயிருந்த காலத்தில், தமிழை ஆழ்ந்து படிக்காத ஒருவர் அறிவியலை நமக்குப் புரியும்படி எழுதியிருக்க முடியுமா? கோர்ட்டில் வாதாடிய பழக்கமும் உதவியிருக்கும் என்பது என் ஊகம்.

பந்துக்கு அவரைச் சாட்சிக்கு அழைக்க முடியாதுதான். அதற்கு உங்கள் கால்களே சாட்சி. மாலையில் ஒரு மணி நேரம் வீட்டில் கேட்டு வாங்குங்கள். மதிப்பெண் குறைந்தால் என்னைத் திட்டட்டும்.