சர்வர் செய்த தாமதத்துக்கு அரசே ஈடு தர வேண்டும்

"சர்வர் டவுன், ரெண்டு நாள் கழிச்சு வாங்க." ரேஷன் கடையிலும் வங்கியிலும் ஒன்றிய அலுவலகத்திலும் இந்தப் பதிலைக் கேட்பவர்கள் பெரும்பாலும் வாதாடுவதில்லை. மிஷின் ஓடாததற்கு யார் என்ன செய்ய முடியும் என்று திரும்பிவிடுகிறார்கள். படித்தவர்களின் எண்ணமும் இதுதான். கணினிக் கோளாறு புயல் மழை மாதிரி, அதில் யாருடைய தப்பும் இல்லை, பிந்தினாலும் பணம் வந்துவிடுகிறதே, இதற்குப் போய் நஷ்டஈடா என்று கேட்கிறார்கள். இந்த எண்ணம் அநியாயத்துக்குத் துணைபோகிறது.

கணினி தானாக வந்து ஏழையின் கூலிக்குக் குறுக்கே உட்காரவில்லை. நூறு நாள் வேலைத் தளங்களில், தனிநபர் பணிகள் நீங்கலாக, செல்போன் செயலியில் நாளுக்கு இருமுறை படமெடுத்து வருகை பதிவதை 2023 ஜனவரி 1 முதல் மத்திய அரசு கட்டாயமாக்கியது. ஆதார் வழியாகத்தான் கூலி என்பது 2024 ஜனவரி 1 முதல் கட்டாயமானது. சிக்னல் இல்லாமல் படம் ஏறவில்லை என்றால், நாள் முழுக்க மண் வெட்டியவர் வேலைக்கே வராதவர் ஆகிறார். ஆதாரில் ஒரு மாதிரியும் வேலை அட்டையில் வேறு மாதிரியும் பெயர் இருந்தால் கூலி நின்றுபோகிறது. எந்த மென்பொருள், எந்தத் தேதியில், மாற்று வழி உண்டா இல்லையா என்பதையெல்லாம் மனிதர்கள்தான் முடிவு செய்தார்கள். முடிவு செய்தவர்களுக்கே பொறுப்பும் உண்டு.

தாமதத்துக்கு விலை உண்டு என்பது அரசுக்குத் தெரியாததல்ல. வருமான வரிக் கணக்கைக் கெடு தாண்டித் தாக்கல் செய்தால் 5,000 ரூபாய் வரை கட்டணம் வாங்குகிறது. வரி செலுத்தியவருக்குத் திருப்பித் தர வேண்டிய பணம் பிந்தினால், மாதத்துக்கு அரை சதவீதம் வட்டி சேர்த்துத் தருகிறது. ஏ.டி.எம்.மில் பணம் வராமல் கணக்கில் மட்டும் கழிந்துவிட்டால், ஐந்து நாளுக்குள் வங்கி அதைத் திரும்பச் சேர்க்க வேண்டும் என்று 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. அதற்கு மேல் பிந்தும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் ஈடு. வாடிக்கையாளர் மனுக்கூடப் போட வேண்டியதில்லை. அதுவும் கணினிக் கோளாறுதான்.

இப்போது நூறு நாள் வேலைக்காரரின் கணக்கைப் பாருங்கள். வருகைப் பதிவேடு முடிந்த 15 நாளுக்குள் கூலி வர வேண்டும், தவறினால் பிந்தும் ஒவ்வொரு நாளுக்கும் நிலுவையில் 0.05 சதவீதம் ஈடு என்று அந்த வேலைத் திட்டத்துக்கான 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணை சொன்னது. 2025-26இல் தமிழ்நாட்டுக்கு அறிவித்த நாள் கூலி 336 ரூபாய். ஆறு நாள் கூலி 2,016 ரூபாய் தேங்கினால், நாளுக்குக் கிடைக்கும் ஈடு ஏறக்குறைய ஒரு ரூபாய். ஏ.டி.எம். வாடிக்கையாளருக்கு 100, மண் சுமப்பவருக்கு 1. ஆண்டுக்கு 18 சதவீதம் என்றால் நல்ல வட்டிதானே என்பார்கள். அன்றாடங்காய்ச்சியின் இழப்பைச் சதவீதத்தில் அளக்க முடியாது. கூலி வராத வாரத்தில் அவர் கந்துவட்டிக்குக் கடன் வாங்குகிறார், அல்லது மருந்து வாங்காமல் விடுகிறார்.

அந்த ஒரு ரூபாயைத் தருவதிலும் சூழ்ச்சி நடந்தது. பணம் அனுப்பும் ஆணை தயாராகும் வரை ஆன தாமதத்தை மட்டுமே கணக்கில் எடுத்தார்கள். அதற்குப் பிறகு, மத்திய அரசின் கையிலும் வங்கிகளின் கையிலும் கழிந்த நாட்கள் கணக்கிலேயே வரவில்லை. 2018 மே மாதம் சுவராஜ் அபியான் என்ற அமைப்பு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை ஏற்க மறுத்தது. எந்த அலுவலகத்தால் தாமதம் என்பது தொழிலாளியின் கவலை அல்ல, கூலி அவர் கைக்கு வரும் வரை ஆன தாமதத்துக்கு ஈடு தர வேண்டும் என்றது.

ரேஷனிலும் சட்டம் இருக்கிறது. உரிய தானியம் கிடைக்காதவருக்கு உணவுப் பாதுகாப்புப் படியைப் பணமாகத் தர வேண்டும் என்கிறது 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 8ஆம் பிரிவு. கைரேகை விழவில்லை என்று வெறும் பையோடு அனுப்பப்பட்டவர்களில் யாருக்காவது அந்தப் படியைப் பற்றிக் கடையில் சொன்னார்களா?

ஈடு கொடுத்தால் கஜானா தாங்காது என்ற பயமும் வீண். ஈட்டுத் தொகை பெருகுகிறது என்றால் கோளாறு பெருகுகிறது என்று பொருள். தாமதத்துக்குச் செலவே இல்லாதவரை கோளாறைச் சரிசெய்ய எந்தத் துறைக்கும் அவசரம் வராது. ரேஷன் கடை ஊழியரின் சம்பளத்தில் பிடிப்பதும் நியாயமாகாது. அவரும் அந்த மிஷினிடம் மாட்டிக்கொண்டவர்தான். அதை அங்கே வைத்த அரசு தர வேண்டும்.

ஊரக வேலைத் திட்டம் எந்தப் பெயரில் நடந்தாலும், ரேஷனோ முதியோர் உதவித்தொகையோ எதுவானாலும், மூன்று விதிகள் வேண்டும். பணம் கணக்கில் ஏறும் நாள் வரை தாமதத்தை எண்ண வேண்டும். ஈடு, மனு கேட்காமல் தானாகச் சேர வேண்டும். வங்கி வாடிக்கையாளருக்கு உள்ள அதே 100 ரூபாய் ஏழைக்கும் குறைந்தபட்சமாக இருக்க வேண்டும். அடுத்த முறை "சர்வர் டவுன்" என்று சொன்னால் தலையாட்டிவிட்டு வராதீர்கள். அதை எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள், தாமதத்துக்கு ஈடு கேளுங்கள். கேட்பது சலுகை அல்ல, உங்கள் உரிமை.